தமுக்கம்: மதிலுக்கு வெளியே ஒரு பொதுவெளி

மதுரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் வைகையின் தென்கரையிலேயே நின்று விடுகின்றனர். கோயில், மாசி வீதிகள், திருமலை நாயக்கர் மகால், கோட்டை என்று அவர்களுடைய ஏடுகள் நிறைந்து விடுகின்றன. ஆற்றைக் கடந்து வடகரைக்கு வருவோர் சிலரே. அவர்களும் சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுத் திரும்பி விடுகின்றனர்.

நெல்பேட்டையிலிருந்து பழைய பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் முதலில் எதிர்ப்படுவது கோரிப்பாளையம். தர்காவின் பச்சைக் குவிமாடம் தெரிகிறது. பக்கத்தில் அரசினர் பெரிய மருத்துவமனையும் அமெரிக்கன் கல்லூரியும் உள்ளன. இன்னும் சற்று வடக்கே நடந்தால் தல்லாகுளம் வருகிறது. அங்கே தமுக்கம் மைதானம், காந்தி நினைவு அருங்காட்சியகம், அதனை அடுத்து மாநகராட்சியின் இராஜாஜி சிறுவர் பூங்கா, பெருமாள் கோயில் ஆகியன ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அரை மணி நேர நடைக்குள் அடங்கும் இச்சிறு வட்டாரத்தில், சற்றேறக்குறைய எழுநூறு ஆண்டு வரலாறு ஒடுங்கிக் கிடக்கிறது. அதனை ஓரளவேனும் விரித்துக் காண்பதே நம் நோக்கம்.

மதிலுக்குப் புறம்

நாயக்கர் காலத்து மதுரை ஒரு கோட்டை நகரம். எழுபத்திரண்டு கொத்தளங்கள் கொண்ட அக்கோட்டையை விசுவநாத நாயக்கர் எழுப்பினார் என்பர். மதிலுக்கு உட்பட்டது நகரம். மதிலும் அகழியும் ஆறும் கடந்தது புறம். வடகரை இந்தப் புறத்தைச் சேர்ந்தது.

'புறம்' என்னும் சொல்லை இழிவாகக் கொள்ளவேண்டுவதில்லை. நம் நாட்டு நிலவரிக் கணக்கிலே 'புறம்போக்கு' என்றொரு சொல் உண்டு. இன்று அதனை வசைச் சொல்லாக்கி விட்டோம். ஆனால் அதன் பொருள், வரி விதிப்புக்குப் புறமாய் விடப்பட்ட நிலம் என்பதே. மேய்ச்சலுக்கும், நீருக்கும், வழிநடைக்கும், அடக்கத்திற்கும் என ஊரார் யாவருக்கும் பொதுவாய் விடப்பட்ட நிலம் அது. நகரத்துக்குள் நிலமெல்லாம் ஒருவருக்கோ ஒரு குலத்துக்கோ ஒரு தொழிலுக்கோ உரியதாக இருந்தபோது, ஆற்றுக்கு அப்பால் எல்லோருக்கும் இடம் இருந்தது. அங்கே அடியார்களும் அரசர்களும் அடங்கினர். அரசி ஒருத்தியின் பெயரால் மாளிகை நின்றது. இறைவனின் ஊர்வலம் இளைப்பாறியது. பின்னாளில் பாதிரிமார் கல்லூரி கட்டினர். சர்க்கார் மருத்துவமனை கட்டியது.

கோரியும் குளமும்

'கோர்' என்றால் பாரசீக மொழியில் அடக்கத்தலம். அச்சொல்லினின்றே கோரிப்பாளையம் என்னும் பெயர் பிறந்தது என்பது ஒரு சாரார் கருத்து. கோர் நாட்டிலிருந்து வந்தோர் தங்கிய பாளையம் என்பது மற்றொரு சாரார் கருத்து. எவ்வாறாயினும் இப்பெயரில் பாரசீகமும் தமிழும் கைகோத்து நிற்பது தெளிவு. இங்குள்ள தர்காவில் சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் சம்சுத்தீன் ஆகிய இருவர் அடங்கியுள்ளனர். மதுரைச் சுல்தான்களின் காலத்தோடு அவர்களை இணைத்துப் பேசுவது வழக்கம். குவிமாடத்திற்கான கல் அழகர் மலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அழகர் மலையின் கல் தர்காவின் கூரையாயிற்று என்று அவர்கள் வியப்பேதுமின்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்.

மதுரைச் சுல்தான்களின் ஆட்சி 1335-ஆம் ஆண்டில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியினின்று பிரிந்து தனியாட்சி அமைத்ததில் தொடங்கி, 1378 அளவில் விஜயநகரத்தாரின் கையில் முடிவுற்றது. அரை நூற்றாண்டும் நிறையவில்லை. அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. அவர் மதுரைக்கு வந்தபோது அது அகன்ற வீதிகளுடைய பெருநகராய் இருந்ததையும், கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்துகொண்டிருந்ததையும் எழுதியிருக்கிறார். அன்றைய சுல்தான் கியாஸுத்தீன் இழைத்த கொடுமைகளையும் அவர் மறைக்கவில்லை. உறவினர் ஆட்சி என்பதற்காக உண்மையை விழுங்காத அந்த நேர்மையை நாமும் கைக்கொள்ளவேண்டும். வாளால் வந்த ஆட்சி வாளால் போயிற்று.

ஆட்சி போனபின்னும் அடக்கத்தலம் நின்றது. அது எவ்வாறு நின்றது என்பதே இவ்வட்டார வரலாற்றின் சுவையான பகுதி. தர்காவிலுள்ள கல்வெட்டு ஒன்று 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீரப்ப நாயக்கர் காலத்தது. பாண்டிய மன்னன் ஒருவன் 14,000 பொன்னுக்குக் கோரிப்பாளையம், பீபீகுளம், திருப்பாலை முதலிய ஊர்களைத் தர்காவுக்கு உரிமையாக்கினான் என்பதும், பிற்காலத்தில் அவ்வுரிமை வழக்குக்குள்ளானபோது நாயக்க மன்னர் பழைய ஆவணத்தைப் பார்த்து அதனை உறுதிசெய்தார் என்பதும் அதன் செய்தி. அம்மன்னனைக் கூன் பாண்டியன் என்று கல்வெட்டு குறிக்கிறது. அப்பெயர் பாண்டியருள் யாரைச் சுட்டும் என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமனப்படவில்லை.

அவ்விவாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். ஐயத்திற்கு இடமின்றி நிற்பது நாயக்கர் தந்த தீர்ப்பு. சுல்தான்களை வென்றவர் விஜயநகரத்தார். அவர்கள் வழிவந்தவர் மதுரை நாயக்கர். வென்றவர் வழிவந்த மன்னரிடம் தோற்றவர் அடக்கத்தலத்தின் வழக்கு வருகிறது. அவர் ஆவணத்தைப் படிக்கிறார். உரிமை உண்டு என்கிறார். கல்லில் பொறிக்கச் செய்கிறார். மதுரை முஸ்லிம்களின் வரலாறென்றால் படையெடுப்பில் தொடங்கிப் படையெடுப்பில் முடிப்பவர்கள், இந்தக் கல்லின்முன் ஒரு கணம் நின்று போகலாம்.

கல்வெட்டில் வரும் பீபீகுளம் இன்றும் இருக்கிறது, ஆனால் பெயர் உருமாறி. பேருந்துப் பலகைகளிலும் கடைப் பலகைகளிலும் 'பி.பி. குளம்' என்று எழுதுகிறார்கள். யாரோ இருவருடைய பெயரின் முதலெழுத்துகள் போலும் என்று புதிதாய் வருவோர் எண்ணிக்கொள்கின்றனர். 'பீபீ' என்பது மதிப்புக்குரிய பெண்மணியைக் குறிக்கும் சொல் என்பது நினைவினின்று நழுவி வருகிறது. குளத்திற்கும் அதே கதிதான். நீர்ப்பரப்பின் பெரும்பகுதி வீடுகளாகிவிட்டது. தல்லாகுளத்தில் வீதியோடு நடப்பவர் கண்ணில் நீர் படுவதில்லை. ஊர்ப்பெயரின் வாலில் மட்டும் குளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுவெளி எப்படி மறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. முதலில் நீர் குறைகிறது. பிறகு கரை குறைகிறது. கடைசியில் பெயரின் பொருளும் போய்விடுகிறது.

மங்கம்மாளின் மாளிகை

தமுக்கம் என்பதற்குக் கோடை மாளிகை என்று பொருள் கொள்வர். யானைப் போர் முதலிய வீர விளையாட்டுகளை அரசர் அமர்ந்து காண்பதற்கு அமைந்த இடம் என்றும் கூறுவர். உயர்ந்த மேடையின்மேல் தூண்கள் சூழக் குவிமாடத்தோடு நின்ற அம்மாளிகை இன்று இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்குகிறது. 1670 அளவில் கட்டப்பெற்றது என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மங்கம்மாள் தம் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றது 1689-இல்தான். ஆகவே கட்டடம் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழுந்திருக்கலாம். அதற்கும் முன்னரே திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கியது என்ற கருத்தும் உண்டு. யார் கட்டியதாயினும் மக்கள் அதனை மங்கம்மாளுக்கே உரிமையாக்கி விட்டனர். சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்ற ஓர் அரசியிடம் மக்கள் கொண்ட அன்பின் அடையாளம் இது.

மாளிகையைச் சூழ்ந்த பெருவெளியே பின்னாளில் தமுக்கம் மைதானம் ஆயிற்று. ஒன்றை இங்கே கருத வேண்டும். அரசர் காணும் காட்சிக்கு மக்கள் கூட்டமும் வேண்டும். கூட்டம் கூடுவதற்கு வெளி வேண்டும். எனவே அரசமாளிகையாய் இருந்த காலத்திலேயே தமுக்கம் பாதி மக்களுடையதாய் இருந்தது எனலாம்.

நாயக்கர் ஆட்சி 1730-களில் சரிந்தது. சந்தா சாகிபும், ஆற்காட்டு நவாபும், கம்பெனியாரும் மாறி மாறி மதுரையைப் பற்றினர். கான்சாகிபு என்று மதுரையார் அழைக்கும் முகம்மது யூசுப்கான் ஆளுநராய் இருந்து நாட்டைச் சீர்செய்து, பின் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டதும் அக்குழப்பக் காலத்தில்தான். மதுரையின் தெருப்பெயர்களில் அவர் இன்றும் வாழ்கிறார். 1801-இல் கருநாடகம் முழுதும் கம்பெனிக்குச் சென்றபோது தமுக்கமும் வெள்ளையர் கைக்குப் போயிற்று. மாளிகை ஆங்கில அதிகாரிகளின் உறைவிடம் ஆயிற்று. அதன் வாயிலில் காவல் நின்றது. கூட்டம் கூடிய இடத்தில் இப்போது கூட்டம் தடையாயிற்று.

மதில் விழுந்தது, பாலம் எழுந்தது

இதற்கிடையே நகரத்தின் உருவமே மாறியது. 1837 முதல் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் பணியை மேற்கொண்டார். அரசாங்கத்திடம் அதற்குப் போதிய பணமில்லை. மதிலை இடித்து அகழியில் தள்ளிச் சமன்செய்வோர் அந்நிலத்தில் மனை பெறலாம் என்ற ஏற்பாட்டில் வேலை நடந்தது. பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட் என்பாரின் பெயரும் இன்றும் வீதிகளாய் நிற்கின்றன. அகம் என்றும் புறம் என்றும் பிரித்து வைத்த சுவர் இவ்வாறு மறைந்தது. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சுவர் மறைந்தும் ஆறு மறையவில்லை. வெள்ளக்காலத்தில் வடகரையும் தென்கரையும் இரண்டு ஊர்களாகிவிடும். அக்குறையைத் தீர்த்தது 1889-இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் விக்டர் பாலம். விக்டோரியா மகாராணியாரின் பேரன் பெயரைத் தாங்கிய அப்பாலத்தின் கல்வளைவுகள் இன்றும் போக்குவரத்தைச் சுமந்து நிற்கின்றன. பாலம் வந்ததும் வடகரை விரைந்து வளர்ந்தது. பசுமலையில் 1881-இல் பிறந்த அமெரிக்கன் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தது. 1940-இல் கவர்னர் எர்ஸ்கின் பெயரால் மருத்துவமனை எழுந்தது. இன்றைய இராஜாஜி மருத்துவமனை அதுவே. அதனை ஒட்டி 1954-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. தென் மாவட்டங்களின் நோயாளிகளெல்லாம் கோரிப்பாளையத்தை நோக்கி வரலாயினர். மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுத் தர்கா வாசலில் வந்து அமர்ந்து ஆறுதல் தேடும் கிராமத்துத் தாய்மாரை எந்த நாளும் காணலாம். அவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

சித்திரை மாதத்தில் இவ்வட்டாரம் வேறு முகம் கொள்ளும். மலையிலிருந்து புறப்பட்ட கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைப்பது வடகரையில். அவர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, விடியலில் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்குவார். அன்றிரவு அவர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்குகிறார் என்பது மக்கள் நம்பிக்கை. அதன் மெய்ம்மையை ஆராய்வது நம் வேலையன்று. ஒரு பெருந்திருவிழாவின் கதையிலேயே அயல்வீட்டுப் பெண்ணுக்கும் இடம் வைத்த மக்கள் மனம் நமக்குப் பெரிதாய்ப் படுகிறது.

ஒரு துணியின் கதை

1921 செப்டம்பரில் காந்தியடிகள் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் வந்தார். கிலாபத் இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். உடன் வந்துகொண்டிருந்த மௌலானா முஹம்மது அலியை அம்மாதம் 14-ஆம் நாள் வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்தனர். தோழரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, மௌலானா ஆஜாத் சுபானியோடு பயணத்தைத் தொடர்ந்த காந்தியடிகள் மதுரை வந்து மேலமாசி வீதியில் தங்கினார். 22-ஆம் நாள், ஏழைகளுக்குக் கிடைக்காத உடை தமக்கும் வேண்டாம் என்று, இடுப்பில் ஒற்றைத் துணியோடு வெளியே வந்தார். அக்கோலத்தில் அவர் மக்கள்முன் நின்ற திடலுக்குக் 'காந்தி பொட்டல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பொட்டல் என்றால் ஒன்றும் விளையாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அன்று விளைந்தது எத்துணை!

அப்பொழுது ஆற்றுக்கு அப்பால் தமுக்கத்துக் குவிமாடம் சர்க்கார் வசம் இருந்தது. காலம் திரும்பியது. 1955-இல் தமிழக அரசு அம்மாளிகையைச் சுமார் 13 ஏக்கர் நிலத்தோடு காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15-இல் பிரதமர் நேரு அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். அடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக் கறை படிந்த துணியின் ஒரு பகுதி அங்கே காக்கப்பட்டு வருகிறது. துணியைத் துறந்த ஊருக்கே அவர் இறுதியாய் அணிந்த துணி வந்து சேர்ந்தது. இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக உண்ணா நோன்பிருந்து, அதற்காகவே உயிரையும் கொடுத்த ஒருவரின் குருதி, கோரிப்பாளையத்துத் தர்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

அதே 1959 ஜனவரியில் வைகை அணையும் திறக்கப்பெற்றது. பாசனம் பெருகிற்று. மதுரைக்குள் ஆறு மெலிந்தது. இன்று அழகர் இறங்குவதற்கும் அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஒரு நன்மை வரும்போது உடன்வரும் இழப்பையும் கணக்கில் வைத்துக்கொள்வது அறிவுடையோர் கடன்.

மைதானம் யாருடையது?

1971-இல் மதுரை மாநகராட்சி ஆயிற்று. தமுக்கம் மைதானம் அதன் பொறுப்பில் நகரத்தின் கூடமாய் விளங்கிற்று. சித்திரைப் பொருட்காட்சி, சர்க்கஸ், அரசியல் மாநாடு, புத்தகத் திருவிழா என்று அது காணாத கூட்டமில்லை. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியபோது தமிழன்னையின் சிலை தமுக்கத்தில் எழுந்தது. காந்தி அருங்காட்சியக வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் அவ்வாண்டில் அமைந்தது. 2017 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் திரண்டதும் இங்குதான்.

பெருங்கூட்டங்களே ஏட்டில் ஏறுகின்றன. ஏட்டில் ஏறாத கூட்டம் ஒன்று நாள்தோறும் வருகிறது. விடியலில் நடைபயிலும் முதியோர், மருத்துவமனையில் இரவு விழித்துவிட்டு மரநிழலில் கண்ணயர்வோர், இராஜாஜி பூங்காவின் ஊஞ்சலுக்காக வரிசையில் நிற்கும் சிறுவர் என அக்கூட்டம் நீளுகிறது. பெருநாள் மாலைகளில் நெல்பேட்டையிலிருந்தும் கோரிப்பாளையத்திலிருந்தும் புத்தாடையுடன் பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்களும் அதில் அடங்கும். நெருக்கமான சந்துகளில், முற்றமில்லாத வீடுகளில் வாழ்வோருக்கு இப்பூங்காவே முற்றம். தோட்டம் வைத்திருப்பவனுக்குப் பூங்கா ஓர் அழகு. தோட்டமில்லாதவனுக்கு அது தேவை.

2022-இல் தமுக்கத்தில் மாபெரும் மாநாட்டு மையம் திறக்கப்பெற்றது. 2023-இல் கோரிப்பாளையத்திற்கு மேம்பாலத்திற்கான அடிக்கல் நாட்டப்பெற்றது. நெரிசலில் ஆம்புலன்சு வண்டிகள் திணறுவதைக் கண்டவர் எவரும் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மாநகருக்கு மன்றமும் வேண்டியதே. ஆனால் கூரையிட்ட மன்றத்திற்குள் வாடகை செலுத்தியவர் நுழைவார். வானமே கூரையான மைதானத்திற்குள் யாவரும் நுழைவர். இவ்வேறுபாட்டை மறந்து, வெறுமையாய்க் கிடக்கும் நிலமெல்லாம் வீணாய்க் கிடக்கும் நிலம் என்று எண்ணத் தொடங்குவோமாயின், பீபீகுளத்துக்கு நேர்ந்தது தமுக்கத்துக்கும் நேரும்.

நம் மார்க்கத்தில் வக்ஃபு என்றொரு நெறி உண்டு. ஒரு பொருளை விற்கவோ பங்கிடவோ இயலாதவாறு நிறுத்திவைத்து, அதன் பயனை மட்டும் வரும் தலைமுறைகளுக்கு ஓடவிடுவது அதன் சாரம். தமுக்கம் வக்ஃபு நிலமன்று. அதற்கு அப்படியோர் ஆவணமும் இல்லை. ஆயினும் நாயக்கர், நவாபு, கம்பெனி, சர்க்கார், மாநகராட்சி என்று உடையவர் மாறிக்கொண்டே வந்திருக்க, அங்கே கூடும் மக்கள் மட்டும் மாறவில்லை. அவர்களுடைய பயன்பாடே அந்நிலத்தின் உண்மையான பத்திரம். 1573-இல் ஒரு நாயக்க மன்னர், தம் சமயத்தைச் சேராத ஓர் அடக்கத்தலத்தின் உரிமையைப் பழைய ஏட்டைப் பார்த்து உறுதிசெய்தார். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் சிறுவனிடம் காட்டுவதற்கு ஏடு எதுவும் இல்லை. அவனுடைய உரிமையை உறுதிசெய்யவேண்டியவர்கள் இவ்வூரில் வாழும் நாம்தாம்.

மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் கோயிலையும் மகாலையும் கண்டபின் ஒரு மாலைப்பொழுதை வடகரைக்கு ஒதுக்குவார்களாக. பழைய பாலத்தில் வண்டியேறாமல் நடந்தே கடந்து, கோரிப்பாளையத்தில் அந்தக் கல்வெட்டைக் கண்டு, தமுக்கத்தில் அத்துணியைக் கண்டு, பூங்காவில் சற்று அமர்ந்து வரட்டும். விளக்கேற்றும் நேரத்தில் பள்ளிவாசலின் பாங்கும் பெருமாள் கோயிலின் மணியும் பிள்ளைகளின் இரைச்சலும் அங்கே ஒன்றாகவே காதில் விழும்.